கெட்ட நெறி

என் கழுத்தில் வந்திருந்ததை முதலில் கண்டுபிடித்தது அம்மா. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவள், காதுக்குக் கீழே விரலை நிறுத்தி, "நெறி கட்டியிருக்குடி" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். நெறிக்கெல்லாம் யார் பயப்படுவார்கள்?

எங்கள் வீடுகளில் நெறி என்பது வியாதியே இல்லை. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே கட்டும். புண் ஆறினால் நெறி தானாகக் கரையும். அதனால் நெறியை யாரும் பார்க்க மாட்டார்கள், புண்ணைத்தான் தேடுவார்கள். எனக்கும் தேடினார்கள். பேன் கடித்த புண்ணா, கம்மல் துளை பழுத்திருக்கிறதா என்று ஆளாளுக்கு என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். கடைசியில் கடைவாய்ப் பல்தான் காரணம் என்று வீட்டில் முடிவாகி, நன்றாக இருந்த ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். நெறி அதே இடத்தில் இருந்தது. பல் போனதுதான் மிச்சம்.

இது தொண்ணூறுகளின் நடுவில். மல்லேஸ்வரத்தில் அம்மா, நான், என் கணவர் மூன்று பேரும் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரணைப் பிரிவு ஆபரேட்டர். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யார் எந்த நம்பர் கேட்டாலும் தேடிச் சொல்வதுதான் வேலை. கன்னடத்தில் கேட்டால் கன்னடம், தமிழில் கேட்டால் தமிழ், இந்தியோ இங்கிலீஷோ எதுவானாலும் சரி. ஊருக்கெல்லாம் தகவல் சொல்லிச் சம்பளம் வாங்கியவளுக்கு, அவள் கழுத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளவும் போவதில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். கைராசிக்காரர் என்று பெயர். இரண்டு விரலால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டி.பி. நெறி" என்றார். ரத்தம் மட்டும் எடுத்துப் பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் ஒண்ணுக்கு ஆரஞ்சு கலரில் போகும். மாதக் கணக்கில் போயிற்று. தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்தது. உடம்பெல்லாம் அரிப்பு. சீப்பை எடுத்துக் காலைச் சொறிந்துகொண்டே ஹெட்ஃபோனில் நம்பர் சொல்வேன். இளைத்துக்கொண்டே வந்தேன். ஆபீஸில் என்ன டயட் என்று கேட்டார்கள், இப்போதுதான் புடவை உடம்பில் நிற்கிறது என்றார்கள். ஒருத்தி அந்த டயட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லி நச்சரித்தாள்.

மாத்திரைக்கு நெறி அசையவில்லை. பக்கத்தில் இன்னொன்று வந்தது. "கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இங்க டாக்டர் நீயா, நானா?" என்றார். அம்மா என் தொடையில் கிள்ளினாள், பேசாமல் இரு என்று. ஒரு நெல்லிக்காய் அளவு சதையை வெட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த மனுஷனுக்குத் தன் கைராசி மேல் இருந்த நம்பிக்கையில் நான் ஏறக்குறைய ஒரு வருஷத்தைத் தொலைத்தேன்.

அக்குளிலும் கட்டி வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே சதை எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று நானும் என் கணவரும் போய் நின்றோம். நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க வெளியில உட்காருங்கம்மா. சார், நீங்க மட்டும் உள்ள வாங்க" என்றாள். ஏன் அப்படி என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் பெரிய விஷயம் எல்லாவற்றுக்கும் ஆம்பிளையைத்தானே கூப்பிடுவார்கள். அவர் ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் மெக்கானிக். ஆயில் போகாத நகங்களோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரும்போது முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஒண்ணுமில்ல. நெறிதான்" என்றார். "ஆனா கொஞ்சம் கெட்ட நெறி. ஊசி போட்டா கரைஞ்சிடும்."

"நெறியில ஏதுங்க நல்லது கெட்டது?"

"டாக்டரே சொல்றார்."

எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. படிச்சவதானே நீ, இங்கிலீஷ் பேசறவதானே, உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் கேட்டேன். இது கேன்சரா என்று அவரிடம் முகத்துக்கு நேராகவே கேட்டேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று இல்லை என்றார். அம்மாவிடம் கேட்டேன். "வாயில நல்ல வார்த்தையே வராதாடி உனக்கு?" என்று சீறினாள். கட்டினவரையும் பெத்தவளையும் நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஊசி போடுகிற வார்டு இரண்டாவது மாடியில். அதற்கு வெறும் நம்பர்தான், பேர் கிடையாது. பேர் போடாததும் ஏற்பாடுதான் என்று பின்னால் புரிந்தது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பாட்டில் ஸ்டாண்டு. சிவப்பாக ரோஸ்மில்க் மாதிரி ஒரு மருந்து ஏறும். அது ஏறும்போது வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்கும். அந்த வார்டில் கேன்சர் என்கிற வார்த்தையை நர்சுகள் சொல்லவே மாட்டார்கள். 'சி.ஏ.' என்பார்கள். என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி உட்காருவாள், லிங்கராஜபுரத்தில் தையல் கடை வைத்திருந்தவள். அவளைக் காட்டி ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம், "அந்த சி.ஏ. பேஷண்டுக்கு டிரிப் முடிஞ்சிடுச்சு பாரு" என்றாள். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. தையல் கடைக்காரி சி.ஏ. படித்திருக்கிறாளா? அவளிடமே கேட்டேன், "ஆடிட்டராங்க நீங்க?"

"நானா? எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில் சிஸ்டர்" என்றாள் அவள். நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். ஊசி குத்தின கையை அசைக்காமல் சிரித்தாள். அப்படித்தான் சிநேகிதமானோம்.

"உங்களுக்கும் நெறியா?" என்று கேட்டேன்.

"ஆமா சிஸ்டர். கழுத்துல."

"நல்லதா, கெட்டதா?"

"கெட்ட நெறியாம். வீட்டுக்காரர் சொன்னார்."

ஒரே வார்த்தை. இரண்டு புருஷன்மார்களும் கீழே கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே பேசி வைத்துக்கொண்ட வார்த்தை என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மேலே நாங்கள் இருவரும், அப்பாடா, இவளுக்கும் அதே கெட்ட நெறிதான், நமக்கு மட்டும் விசேஷமாக ஒன்றுமில்லை என்று ஒருத்தரை வைத்து ஒருத்தர் தேறுதல் பண்ணிக்கொண்டோம். அவளுக்கும் முடி கொட்டியது, எனக்கும் கொட்டியது. மருந்துச் சூடு என்றார்கள். நன்றாகக் காதில் பூ சுற்றினார்கள்.

சில ஊசிகளிலேயே கட்டிகள் கரைந்துவிட்டன. கழுத்தைத் தடவினால் வழவழவென்று இருந்தது. அரிப்பு நின்றது, வேர்வை நின்றது, சோறு இறங்கியது. அம்மா வேண்டிக்கொண்டபடி கோயிலுக்குப் பால்குடம் எடுத்தாள். தையல் கடைக்காரி ஒரு நாள் டிரிப்பைக் கழற்றின கையோடு, "இனிமே நான் வரலை சிஸ்டர். நெறியும் போயிடுச்சு. கிறிஸ்துமஸ் வருது, துணி குவிஞ்சு கிடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. புண் ஆறிய பிறகு யாராவது மருந்து போடுவார்களா? நானும் நிறுத்திவிட்டேன்.

என் கணவர் மென்று முழுங்கினார். "இன்னும் கொஞ்சம் ஊசி பாக்கி இருக்குன்னு டாக்டர் சொல்றார்."

"எதுக்கு? அதுதான் கரைஞ்சிடுச்சே."

"முழுசா முடிச்சாத்தான் நல்லதாம்."

"நெறிக்கு யாராவது ஆறு மாசம் ஊசி போட்டுக்குவாங்களா? வாந்தி எடுக்கறது நான், நீங்க இல்ல."

என்னைத் திரும்ப அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டுமானால் ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். அந்த வார்த்தையைத்தான் அவர் சாமி படத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்லியிருந்தார். அம்மாவும் அவரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவார்கள், நான் போனால் பருப்பு விலை பேசுவார்கள். என் உயிர் போய்க்கொண்டிருந்தது, அவர்கள் என் மனசைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இனி நடந்ததைச் சொன்னால் கதை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த வாரம் காலை ஷிஃப்ட். கூட வேலை செய்த பெண்ணின் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அவளோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு மத்தியானம் போனேன். அவருக்கு அது தெரியாது. சாப்பாட்டு நேரம் முடிந்து லைன் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஒரு கால் வந்தது. "நமஸ்காரா, விசாரணே" என்றேன். அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம். அந்தக் கனைப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்ததிலிருந்து என் கணவர் வெளியாட்களிடம் போனில் தமிழ் பேசுவதில்லை. பட்டறையில் இருந்து பேசினால் கன்னடம்தான், அதுவும் ரொம்ப மரியாதையான கன்னடம். வீட்டில் நாங்கள் கன்னடம் பேசிக்கொண்டதே கிடையாது. என் ஆபீஸ் குரலை அவர் கேட்டதும் கிடையாது. அதனால் எனக்கு அவரைத் தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை.

ஒரு நம்பர் வேண்டும் மேடம் என்றார். பேஷண்டுகளே சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கமாம், உலகம் பூராவும் இந்த மாதிரி சங்கங்கள் இருக்கின்றனவாம், நம் ஊரிலும் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்களாம், டாக்டர் சொன்னார் என்றார். "லிம்ஃபோமா சங்கம்" என்றார். லிம்ஃபோமா எனக்குப் புரியவில்லை. எந்த எழுத்தில் ஆரம்பிக்கும் என்று கேட்டேன். அவர் தடுமாறினார். ஸ்பெல்லிங் தெரியவில்லை போல. குரலைத் தாழ்த்தி, "கேன்சர் மேடம். ஒரு தரா கேன்சர்" என்றார். ஒரு வகை கேன்சர்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஆபரேட்டர் அதையெல்லாம் கேட்கக் கூடாது. அவராகவே சொன்னார். "நம் ஹெண்ட்திகெ, மேடம். அவளிகெ கொத்தில்லா." என் பெண்டாட்டிக்கு. அவளுக்குத் தெரியாது.

கை தன் பாட்டுக்குக் கீபோர்டில் தேடியது. நம்பர் கிடைத்தது. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். ஒன்று தப்பாகச் சொன்னார், திருத்தினேன். "தும்ப தேங்க்ஸ் மேடம்" என்று வைத்தார். கன்னடத்தில் தும்ப என்றால் ரொம்ப. தமிழ்க் காதுக்கு அது துன்பம் என்றுதான் கேட்கும். அன்றைக்கு என் காதில் விழுந்தது தமிழ்தான்.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தேன். சூப்பர்வைசர் என்ன என்று கேட்டார். பாத்ரூம் என்றேன். பாத்ரூமில் போய் அழுதேன் என்று நினைக்காதீர்கள். கழுத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒரு கட்டியும் இல்லை. வெளியே வந்து பப்ளிக் பூத்திலிருந்து அந்த நம்பருக்கு நானே போன் பண்ணினேன்.

எடுத்தது ஒரு அம்மாள். தமிழ்தான். "உங்களுக்கா, வீட்டுல யாருக்காவதா?" என்று கேட்டார். "எனக்கு" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

கழுத்துக் கட்டி, அரிப்பு, வேர்வை, சிவப்பு மருந்து என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்கும் அதே வியாதி வந்து போயிருந்தது. அவர் சொன்ன மாதிரி எனக்கு யாரும் சொன்னதில்லை. "நெறிங்கறது உடம்புல அங்கங்க இருக்கற போலீஸ் ஸ்டேஷன் மாதிரிம்மா. புண் வந்தா போலீஸ் கூடும், வீங்கும். புண் ஆறினா கலைஞ்சு போயிடுவாங்க. உங்களுக்குப் புண்ணே கிடையாது. போலீஸே ரவுடியா மாறிட்டாங்க. அதுக்குப் பேருதான் லிம்ஃபோமா. உங்களுக்கு வந்திருக்கற வகைக்கு நல்ல மருந்து இருக்கு, பெரும்பாலும் குணமாகும். ஆனா முழுசா முடிக்கணும். கையில தட்டுப்படற கட்டி கரைஞ்சா எல்லாம் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. உள்ள ஒளிஞ்சிருக்கும். எத்தனை ஊசி முடிச்சீங்க?"

"நிறுத்திட்டேன்" என்றேன்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நெறின்னு சொன்னாங்க. நெறி போயிடுச்சு, நிறுத்திட்டேன்."

சாயங்காலம் அவர் பட்டறையிலிருந்து வந்தார். காபி கொண்டுபோய் வைத்தேன். எதிரில் உட்கார்ந்து, என் ஆபீஸ் கன்னடத்தில், "நம்பர் சிக்த்தா சார்?" என்று கேட்டேன். நம்பர் கிடைத்ததா?

டபராவில் ஊற்றிக்கொண்டிருந்த காபி அவர் வேட்டியில் கொட்டியது. சுட்டது கூடத் தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அழ ஆரம்பித்தார். அம்மாவும் வந்து நின்று அழுதாள். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம், அந்த மாதிரி அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

"சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு நெனச்சேன்" என்றார்.

"சொல்லாததாலதான் நடுவுல நிறுத்தினேன். செத்துப் போனா உடையறதுக்கு என்ன இருக்கும்?"

"பொம்பளை மனசு தாங்காதேடி" என்றாள் அம்மா.

"தாங்குமா தாங்காதான்னு எங்கிட்ட கேட்டீங்களா? பல்லைப் பிடுங்கறப்ப தாங்கிச்சு. வருஷம் பூரா மாத்திரை முழுங்கறப்ப தாங்கிச்சு. ஒரு வார்த்தையைத் தாங்காதா?" என்று கத்தினேன். கீழ் வீட்டுக்காரர்கள் ரேடியோவை நிறுத்திக் கேட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டேன். அவர் என் மேல் பிரியமில்லாமல் மறைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். பிரியமாக இருந்தார்கள் என்பதால் கோபம் குறையவில்லை, அதிகம்தான் ஆனது. விரோதி மறைத்திருந்தால் நான் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அறை வாசலில் நான் என் கணவரைப் பார்த்து, "நீங்க வெளியில உட்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். டாக்டர் கதவைப் பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. "உங்க வீட்டுல சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்கம்மா" என்றார்.

"கழுத்து யாருதுங்க டாக்டர்?" என்றேன்.

அவர் நல்லவர், அதையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் எடுத்தார். நெஞ்சுக்குள் திரும்பத் தலைதூக்கியிருந்தது. இதைவிடக் கடுமையான மருந்து, இதைவிட அதிக நாள் என்றார். போட்டுக்கொண்டேன். அந்தத் தடவை ஒவ்வொரு பாட்டிலிலும் இருப்பது என்னவென்று கேட்டுக் கேட்டுத்தான் ஏற்றிக்கொண்டேன். நர்சுகளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பிழைத்தேன்.

என் பக்கத்து நாற்காலியில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். தையல் கடைக்காரி வரவில்லை. திரும்ப ஊசி ஆரம்பித்த அந்த வாரமே பஸ் பிடித்து லிங்கராஜபுரம் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவள் புருஷன் கேட்டிலேயே மறித்துக்கொண்டு நின்றார். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அவ நல்லா இருக்கா சிஸ்டர். அந்த வார்த்தையை மட்டும் அவ காதுல போட்டுடாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"அவங்க ஊசியை முடிக்கலீங்க. எனக்குத் திரும்ப வந்துடுச்சு. அவங்களுக்கும் வரும்."

"நான் பார்த்துக்கறேன்" என்று கேட்டைச் சாத்தினார். நான் தெருவில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. சங்கத்து அம்மாளை அனுப்பினேன், அவரையும் உள்ளே விடவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது சிஸ்டர். நிம்மதியாப் போனா." அதை ஒரு சாதனை மாதிரி சொன்னார். தொண்டை வரைக்கும் வந்ததை அங்கே சவப்பெட்டி இருந்ததால் முழுங்கினேன். இன்றைக்கு இங்கே துப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் நான் சங்கத்தோடு சேர்ந்துவிட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்டர்நெட் வந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பல நாடுகளில் இருக்கிற இந்த மாதிரி சங்கத்துக்காரர்களோடு மெயிலில் பேசினோம். புத்தகம் அனுப்பினார்கள். பளபளவென்று கலர் தாள், அட்டையில் ஒரு குடும்பம் பூங்காவில் சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே, 'உங்கள் டாக்டரிடம் மனம் விட்டுப் பேசுங்கள்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. எங்களை வெளியில் அல்லவா உட்கார வைக்கிறார்கள், மனம் விடுவதற்கு உள்ளே யார் விட்டார்கள்? அதையே எழுதி அனுப்பினேன். கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு பெண் பதில் போட்டாள். எங்கள் ஊரிலும் டாக்டர் முதலில் புருஷனைத்தான் கூப்பிடுகிறார், என்னிடம் 'சுரப்பி வீக்கம்' என்றார்கள் என்று எழுதியிருந்தாள். அடிப் பாவி, உனக்குமா என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னேன். அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் பெற்ற தாயைவிட அன்றைக்கு அவள்தான் எனக்கு நெருக்கமாக இருந்தாள்.

அந்தப் புத்தகத்தைத் தமிழில் போட உட்கார்ந்தோம். மொழிபெயர்க்க ஒரு தமிழாசிரியர் வந்தார். முதல் வரியிலேயே 'நிணநீர்க்கணுக்களின் புற்றுப்பெருக்கம்' என்று எழுதியிருந்தார். "இதை எங்கம்மாகிட்ட படிச்சுக் காட்டினா ஏதோ கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சுக்குவா. நெறின்னு எழுதுங்க" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நெறி என்றால் ஒழுக்கம் அம்மா. அறநெறி, நன்னெறி. அட்டையில் நெறி என்று போட்டால் நீதிநூல் என்று நினைப்பார்கள்."

"அறநெறி தெரிஞ்சவங்க பேஷண்டை வெளியில உட்கார வைக்க மாட்டாங்க சார்" என்றேன். மூன்று கூட்டம் சண்டை போட்டேன். கடைசியில் முதல் வரி இப்படி ஆனது: 'உங்களுக்கு நெறி கட்டியிருக்கிறதா? புண் எங்கே? புண் இல்லாமல் கட்டிய நெறி கரையாமல் நின்றால், சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.' அட்டையில் புற்றுநோய் என்று பெரிய எழுத்தில் போட்டோம். வீட்டுக்காரர்கள் அட்டையைக் கிழித்துவிட்டுப் பேஷண்டிடம் கொடுத்தார்கள். அடுத்த பதிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்த வார்த்தையைப் போடச் சொன்னேன். கிழிப்பதானால் முழுசாகக் கிழிக்கட்டும் என்றேன்.

சங்கத்துப் போன் சில நாள் எங்கள் வீட்டுக்கு வரும், நான் எடுப்பேன். இரண்டு மூன்று வருஷம் முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பையன் பேசினான். ஊர் சேலம் பக்கம், இங்கே சாஃப்ட்வேர் வேலை.

"மேடம், என் ஒய்ஃபுக்கு லிம்ஃபோமா. அவளுக்குத் தெரியாது. கட்டி கரைஞ்சிடுச்சு, இனிமே வரமாட்டேன்னு உட்கார்ந்துட்டா. நீங்க எப்படியாவது பேசி டிரீட்மென்ட்டுக்கு வர வெச்சுடுங்க. ஆனா அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் மேடம். அவ தாங்க மாட்டா."

என் கணவர் எதிரில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

"அவங்க பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"பக்கத்து ரூம்ல இருக்கா."

"போனை அவங்ககிட்ட குடுங்க."

"மேடம், அந்த வார்த்தை..."

"நானும் அவங்களை மாதிரி பக்கத்து ரூம்ல இருந்தவதான் தம்பி. உங்களை மாதிரி ஒருத்தர் சொல்லாததால சாகப் பார்த்தவ. இன்னொருத்தி செத்தே போனா. போனைக் குடுக்கறீங்களா, இல்ல நான் அட்ரஸ் கண்டுபிடிச்சு உங்க வீட்டுக்கு வரட்டுமா? நம்பர் தெரிஞ்சா அட்ரஸ் கண்டுபிடிக்கறது எனக்குப் பெரிய வேலையில்ல."

வைத்துவிட்டான் என்றே நினைத்தேன். அப்புறம் கதவு திறக்கிற சத்தம், யாரோ செருப்பில்லாமல் நடக்கிற சத்தம். சின்னக் குரல். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"ஹலோ மேடம். எனக்கு ஒண்ணுமில்ல மேடம், நெறிதான். கொஞ்சம் கெட்ட நெறின்னாங்க. அதுவும் கரைஞ்சு போயிடுச்சு."

என் கணவர் டி.வி.யை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஆபீஸ் குரலில் பேசினேன். அந்தக் குரலுக்குத்தான் நடுக்கம் வராது.

"ஆமாம்மா, நெறிதான். அதுக்கு முழுப் பேர் ஒண்ணு இருக்கு. பேனா எடுத்துக்கோங்க, எழுத்தெழுத்தா சொல்றேன்."